கரையில் ஆளில்லாத ஆறு

இங்கிலாந்தின் உள்நாட்டு நீர்நிலைகளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் நெடுங்காலமாக மீனை வைத்தே இரு வகுப்பினராகப் பிரிந்திருந்தனர். சால்மனும் டிரவுட்டும் நிலவுடைமையாளருக்கும் பெருங்கட்டணம் செலுத்த வல்லோருக்கும் உரியனவாக இருக்க, ரோச், பிரீம், டெஞ்ச், பெர்ச், பார்பெல், கெண்டை என்று நீளும் ஏனைய நன்னீர் மீன்கள் யாவும் 'கோர்ஸ்' மீன்கள் என்ற ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டு, ஆலைத் தொழிலாளரின் ஓய்வு நாளுக்கு விடப்பட்டன. அந்தப் பிரிவினை இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆயினும் கடந்த நாற்பது ஆண்டுகளில் கோர்ஸ் மீன்பிடிப்புக்கு உள்ளேயே அதைவிடக் கூர்மையான இன்னொரு பிளவு விழுந்திருக்கிறது. இம்முறை பிரிகோடு நீரின் வழியே செல்கிறது. ஒரு பக்கம் ஆறுகளும் கால்வாய்களும் பழைய ஏரிகளும். மறுபக்கம் நாட்கட்டணம் வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க விடுவதற்கென்றே தோண்டி, மீன் நிரப்பி, முழுநேரத் தொழிலாக நடத்தப்படும் குளங்கள். பின்னவற்றைத் தூண்டில்காரர்கள் 'கமர்ஷியல்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிடிக்காதவர்கள் சேற்றுக்குட்டை என்பார்கள்.

இத்தகைய வணிகக் குளம் ஒன்றின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது, அதைப் பற்றிய புகழ்ச்சியையும் இகழ்ச்சியையும் எடைபோட உதவும். களிமண் நிலத்தில் பொக்லைன் கொண்டு வெட்டப்படும் இக்குளம் பெரும்பாலும் நீண்ட வாய்க்கால் வடிவில், எதிர்க்கரை எட்டும் தூரத்தில் இருக்குமாறு அமைக்கப்படுகிறது. எட்டும் தூரம் என்பது இங்கே கைத்தூண்டிலின் அளவால் முடிவாகிறது: 'போல்' எனப்படும் கார்பன் இழைக் கழி 16 மீட்டர் வரை நீள்வது, சுருள் இல்லாதது, நுனித் துண்டுகளுக்குள் ரப்பர் நாடா ஓடுவது, மீன் இழுக்கும்போது அந்த நாடா நீண்டு விசையை வாங்கிக்கொள்கிறது. கரையோரம் சீரான இடைவெளியில் மரமேடைகளும் அவற்றில் எண்களும் இருக்கின்றன. வண்டி நிறுத்துமிடம் பல குளங்களில் மேடைக்குப் பின்னாலேயே வந்துவிடுகிறது. வாயிற்பலகையில் விதிகள்: எதிர்முள் இல்லாத தூண்டில் முள் மட்டுமே பயன்படுத்த வேண்டும், வலையைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கிய பிறகே நீரில் இறக்க வேண்டும், அல்லது குளத்தாரின் வலையையே பயன்படுத்த வேண்டும், மீனைத் தரையில் கிடத்தாமல் ஈரப்படுத்திய மெத்தை விரிப்பின் மீது வைத்தே முள்ளைக் கழற்ற வேண்டும், பிடித்த மீன் எதுவும் வீட்டுக்குப் போகாது. சில குளங்களில் குருணைத் தீவனத்தையும் குளத்தின் கடையிலேயே வாங்கியாக வேண்டும். இந்தக் கடைசி விதியில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: குளத்தின் இயல்பான உணவு வளம் தாங்கக்கூடிய அளவைப் போலப் பல மடங்கு மீன் உள்ளே இருப்பதால், அவற்றின் பசியைத் தீர்ப்பது பெருமளவுக்கு வருகிறவர்கள் எறியும் இரைதான். கால்நடைக்குத் தீவனம் வாங்கிப் போடும் செலவை, அந்தக் கால்நடையைப் பார்க்க வருகிறவரிடமே வசூலிக்க முடிந்த பண்ணைத் தொழில் வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

மீன் தேர்விலும் அதே திட்டமிடல் தென்படுகிறது. சாதாரணக் கெண்டையையும் தங்கமீன் இனத்தையும் கலந்து உருவாக்கிய 'எஃப்1' என்ற கலப்பினம் இக்குளங்களில் பெருவாரியாக விடப்படுவதற்குக் காரணம், நீர் குளிர்ந்து கெண்டை மந்தமாகிவிடும் குளிர்காலத்திலும் அது இரையெடுக்கத் தயங்காது என்பதே. கோடையில் வேறு கவலை. அடர்த்தியாக மீன் நிறைந்த, பாசி படர்ந்த வெதுவெதுப்பான நீரில், பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவெல்லாம் அதை உண்பதால், விடியலுக்குச் சற்று முன்னர் நீரிலுள்ள உயிர்வளி மிகக் கீழே இறங்குகிறது. உரிமையாளர் எழுந்து வந்து காற்றூட்டும் ஏரேட்டர்களை முடுக்காவிட்டால், காலையில் வெள்ளை வயிறுகள் மிதக்கும். இவற்றோடு கோய் ஹெர்பஸ் வைரஸ் என்ற கெண்டை நோய். நீரின் வெப்பம் 16 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பருவத்தில் பரவும் இது 2007 முதல் பிரிட்டனில் அரசுக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது. கிருமிநாசினித் தொட்டி வெறும் சடங்காக வைக்கப்படவில்லை.

இக்குளங்கள் பெருகியதன் வரலாறு ஒரே காரணத்தில் அடங்குவதில்லை. 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பால் உற்பத்திக்கு ஒதுக்கீட்டு உச்சவரம்பு விதித்த பிறகு, மாட்டுப் பண்ணையாளர் பலர் நிலத்தில் வேறு வருமானம் தேட வேண்டியிருந்தது. களிமண் வயல் வைத்திருந்தவருக்குக் குளம் வெட்டுவது எளிய வழிகளில் ஒன்று. சட்டமும் வழிவிட்டது. ஷெஃபீல்டின் நாடாளுமன்ற உறுப்பினர் முண்டெல்லாவின் முயற்சியால் 1878-இல் வந்த சட்டம், கோர்ஸ் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரையிலான மூன்று மாதங்களைத் தடைக்காலமாக அறிவித்திருந்தது. 1995-இல் பெரும்பாலான தேங்குநீர் நிலைகளுக்கும் 2000-இல் பெரும்பாலான கால்வாய்களுக்கும் அது நீக்கப்பட்டு, ஆறுகளுக்கு மட்டும் நிலைத்தது. ஓர் ஆண்டில் கால்வாசி நாள் ஆறு மூடியிருக்கக் குளம் திறந்திருந்தால், வாரந்தோறும் தூண்டில் பிடித்தே பழகியவர் எங்கே போவார் என்பது கேள்வியே அன்று. போனவர்களில் ஒரு பகுதியினர் ஜூன் 16 வந்த பிறகும் திரும்பவில்லை. இதற்கிடையே 1994-இல் தொடங்கிய 'ஃபிஷ் ஓ மேனியா' என்ற போட்டி, டான்காஸ்டர் அருகிலுள்ள ஹேஃபீல்ட் குளங்களிலிருந்து தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பாயிற்று. படக்கருவிக்கு மீன் வேண்டும், அதுவும் குறித்த நேரத்துக்குள் வேண்டும். ஆறு அத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவதில்லை.

ஆற்றின் பக்கத்திலிருந்தும் சில தள்ளுவிசைகள் இருந்தன. போட்டி மீன்பிடிப்பு, அதாவது ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கானோர் எண்ணிட்ட இடங்களில் அமர்ந்து குறித்த நேரத்துக்குள் பிடித்த மொத்த எடையால் வெற்றி தீர்மானிக்கப்படும் விளையாட்டு, ஷெஃபீல்ட், பர்மிங்காம், லீட்ஸ், லெஸ்டர் போன்ற தொழில் நகரங்களின் பண்பாடாக வளர்ந்தது. 1903-இல் அதற்கு ஒரு தேசியக் கூட்டமைப்பும் 1906-இல் தேசியப் போட்டியும் வந்தன. அந்த உலகின் நடுநாடியாக இருந்த டிரென்ட் ஆறு, நிலக்கரி மின்நிலையங்கள் வெளியேற்றிய குளிர்விப்பு நீரால் வெதுவெதுப்பாகி, கழிவுநீரின் சத்தாலும் கலங்கி, ரோச் மீன் கூட்டங்களுக்கு உகந்ததாக இருந்தது. பின்னர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டது, மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியாக ராட்க்ளிஃப் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. நீர் தெளிந்தது, போட்டியாளர்கள் நம்பியிருந்த ரோச் குறைந்து, தெளிநீரையும் சரளைப் படுகையையும் விரும்பும் பார்பெல் பெருகியது. சுத்தமான ஆறு போட்டியாளருக்கு ஏழ்மையான ஆறாகிப் போன இந்த முரணை, ஆற்றின் புகழ் பாடுவோர் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதே காலத்தில், 1981-இல் எசெக்ஸின் ஆபர்ட்டன் நீர்த்தேக்கத்தில் மரங்களில் கூடுகட்டத் தொடங்கிய நீர்க்காகங்கள் உள்நாடெங்கும் பரவின. 1978-இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற நீர்நாய்கள் 2011-க்குள் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களுக்கும் திரும்பிவிட்டன. வணிகக் குளத்தார் வேலி போட்டுக்கொண்டார்கள். ஆற்றுக்கு வேலி போட முடியாது.

இந்த மாற்றத்தைக் கண்டு மனம் கசந்தவர்களின் வாதம் பெரும்பாலும் இயற்கையின் பெயரால் வைக்கப்படுகிறது. ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட நூலில் லீ ஆற்றங்கரைப் புல்வெளிகளைத் தூண்டில்காரரின் மனநாடாக ஆக்கியது முதல், ஆங்கில இலக்கியத்தில் மீன்பிடிப்பு என்பது நகரத்திலிருந்து விலகிச் செல்லும் ஒரு வழியாகவே எண்ணப்பட்டு வந்திருக்கிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1939-இல் எழுதிய 'கமிங் அப் ஃபார் ஏர்' நாவலின் நாயகன், சிறுவயதில் கண்டு தூண்டில் போடாமலேயே விட்டுவந்த பெருங்கெண்டைக் குளத்தைத் தேடி நடுவயதில் திரும்பும்போது அது வற்றடிக்கப்பட்டுக் குப்பைமேடாகிக் கிடக்கிறது. வணிகக் குளத்தை வெறுப்போரின் உள்ளத்தில் இந்தக் காட்சியின் சாயல் ஏதோ ஒன்று இருப்பதாகவே தோன்றுகிறது.

ஆனால் இயற்கை என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் நீர்நிலைகளை அளக்கப் புகுந்தால் கோல் விரைவில் உடைந்துவிடும். கெண்டையே அந்த மண்ணுக்குரிய மீன் அன்று; 1496-இல் அச்சான தூண்டில் நூல் அது நாட்டில் அரிதாகவே இருப்பதாகக் கூறுகிறது. நவீனக் கெண்டைப் பித்துக்கு வித்திட்ட ஹியர்ஃபோர்ட்ஷையரின் ரெட்மயர் குளத்தில், 1952 செப்டம்பர் 13 அன்று ரிச்சர்ட் வாக்கர் பிடித்த 44 பவுண்டு மீன், அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கெண்டை, 1934-இல் மீன் வளர்ப்பாளர் டொனால்ட் லெனி வழங்கிய குஞ்சுகளின் வழிவந்தது. கெண்டைக்காரர்கள் கோயிலாக மதிக்கும் குளமே பண்ணைக் குஞ்சு நிரப்பப்பட்ட குளம். செவர்ன் ஆற்றின் பெருமையாக இன்று போற்றப்படும் பார்பெல், 1956-இல் கென்னட் ஆற்றிலிருந்து லாரியில் கொண்டுவந்து விடப்பட்டது. நார்ஃபோக்கின் 'பிராட்ஸ்' என்னும் ஆழமற்ற ஏரிகளை இயற்கையின் கொடை என்று எல்லோரும் எண்ணியிருக்க, அவை இடைக்காலத்தில் எரிபொருளுக்காக மட்கு நிலக்கரி வெட்டியெடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து உண்டானவை என்பதைத் தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட் 1950-களில் மெய்ப்பித்தார். கால்வாய்கள் தொழிற்புரட்சியின் சரக்குப் பாதைகள். இன்றும் சுற்றுச்சூழல் முகமை நாட்டிங்ஹாம்ஷையரின் கால்வர்ட்டன் பண்ணையில் ரோச், சப், பார்பெல் குஞ்சுகளை வளர்த்து ஆறுகளில் விடுகிறது. அதற்குரிய பணம் தூண்டில் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. ஆங்கிலத் தூண்டில்காரர் தாம் சென்ற இடமெல்லாம் நீரைத் தம் விருப்பத்துக்கு மாற்றியவர்; நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-இல் டிரவுட் பொரிப்பகம் எழுந்ததும் அந்தப் பழக்கத்தின் நீட்சியே.

ஆகவே தோண்டியது, விட்டது என்பவற்றைக் கொண்டு குளத்தைக் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. வேறுபாட்டை வேறோரிடத்தில் தேட வேண்டும். வணிகக் குளத்தில் விற்கப்படும் பொருள் மீன் கடிக்கும் என்ற உறுதி. ஆற்றில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து தக்கை ஒருமுறையும் அசையாமல் வீடு திரும்புவது வழக்கத்துக்கு மாறானது அன்று. குளத்தில் அப்படி நேர்ந்தால் அது குளத்தாரின் தொழிற்குறை. ஆற்றில் அமர்ந்தவர் முந்தின வாரத்து மழையையும், நீரின் நிறத்தையும், மறுகரை வில்லோ மரத்தின் அடியில் ஓட்டம் தளரும் இடத்தையும், தமக்கு மேலே எங்கோ ஒரு மதகு திறக்கப்பட்டதையும் கணக்கில் கொண்டாக வேண்டும். அவர் பிடிக்க முயலும் மீன் அவர் இல்லாவிட்டாலும் அங்கே உண்டு வாழும். குளத்தில் அமர்ந்தவரின் திறமையும் சிறுமையானதன்று. தேர்ந்த போட்டியாளர் ஒருவர் ஐந்து மணி நேரத்தில் 100 பவுண்டுக்கு மேல் பிடிப்பதும், கடைசி ஒரு மணி நேரத்துக்கென்று கரையோர ஆழமற்ற நீரைக் காலையிலிருந்தே தொடாமல் விட்டு வைத்திருந்து, பெரிய மீன்கள் அங்கே ஒதுங்கும் தருணத்தில் கைப்பிடி இரையைக் கொட்டித் திருப்புவதும் கைவந்த கலையே. ஆனால் அவர் கற்றுக்கொள்வது உண்ணப் பழக்கப்பட்ட ஒரு மந்தையின் நடத்தையை. அந்த அறிவு அடுத்த குளத்துக்குச் செல்லும். குளத்துக்கு வெளியே அதிக தூரம் செல்லாது. பலமுறை பிடிபட்டு உதடு சிதைந்த மீன்களைப் பற்றிய முறையீடும் உண்டு. அதில் உண்மை இருந்தாலும், நன்றாக நடத்தப்படும் குளத்தில் மீனுக்குக் கிடைக்கும் கவனிப்பு கவனிப்பாரற்ற ஆற்றில் கிடைப்பதில்லை.

வணிகக் குளத்துக்குச் சார்பாகச் சொல்லப்படுவனவற்றில் மறுக்க முடியாதவை சில உண்டு. சக்கர நாற்காலியில் வருபவர் மேடை வரை செல்லலாம். எட்டு வயதுச் சிறுமி முதல் நாளிலேயே மீனைத் தொட்டுப் பார்க்கலாம். வாரத்தில் ஒரே ஓய்வுநாள் உள்ள கிடங்குத் தொழிலாளியிடம் வெறுங்கையோடு திரும்புவதன் தத்துவத்தைப் பேசுவது, எத்தனை நயமாகப் பேசினாலும், வேளைக்கு வேளை உண்பவர் பட்டினியின் மேன்மையைப் போதிப்பதற்கு ஒப்பாகும். இதற்கு மேல் இதை விரிக்க வேண்டியதில்லை.

உண்மையான இழப்பு தூண்டில்காரருக்கு நேரவில்லை, ஆற்றுக்கு நேர்ந்திருக்கிறது என்று வாதிட இடமுண்டு. அதை விளங்கிக்கொள்ள ஆங்கிலச் சட்டத்தின் ஒரு தனித்தன்மையை அறிய வேண்டும். கடலேற்றம் எட்டாத ஆற்றுப் பகுதிகளில் மீன்பிடி உரிமை பொதுமக்களுக்கோ அரசுக்கோ உரியது அன்று. கரைநிலத்தின் உடைமையாளருக்கு உரியது, அவரிடமிருந்து குத்தகைக்கு எடுக்கும் சங்கத்துக்கும் உரியது. உரிமை சொத்து என்பதால் அதைக் கெடுப்பவர் மீது வழக்குத் தொடுக்கலாம். இந்த வாய்ப்பைக் கண்டுகொண்டவர் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர். ஆறுகளை மாசுபடுத்துவோரை நீதிமன்றத்துக்கு இழுப்பதற்கென்றே 1948-இல் அவர் நிறுவிய தூண்டில்காரர் கூட்டுறவுச் சங்கம், உறுப்பினரின் சிறு சந்தாக்களைச் சேர்த்துக்கொண்டு பெரிய ஆலைகளோடு மோதியது. அதன் புகழ்பெற்ற வழக்கு டெர்வென்ட் ஆற்றைப் பற்றியது. டர்பி நகரின் 'பிரைட் ஆஃப் டர்பி' தூண்டில் சங்கமும் கரைநில உடைமையாளரான ஹாரிங்டன் பிரபுவும் ஒருபுறம். எதிர்ப்புறம் செயற்கை இழை ஆலையான பிரிட்டிஷ் செலனீஸ், அரைகுறையாகச் சுத்திகரித்த சாக்கடையை ஆற்றில் விட்ட டர்பி மாநகராட்சி, சூடான நீரை வெளியேற்றிய மின்சார வாரியம். நகரம் வளர்ந்துவிட்டது, சாக்கடை எங்கேனும் போய்த்தானே ஆக வேண்டும் என்ற வகையில் மாநகராட்சி வைத்த வாதத்தை, 1953-இல் முடிவுற்ற மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஏற்கவில்லை. தடையாணை நின்றது, நிலைமையைச் சீர்செய்யக் கால அவகாசம் மட்டும் தரப்பட்டது. பொது அமைப்பு ஒன்றின் மீது, அதுவும் தன் சொந்த ஊரின் மாநகராட்சி மீது, மீன்பிடிச் சங்கம் ஒன்று பெற்ற இந்தத் தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. அந்தப் பணி பிற்காலத்தில் 'ஃபிஷ் லீகல்' என்ற அமைப்பிடம் சேர்ந்து தொடர்கிறது.

வழக்குக்கு முன்னால் வேறொன்று வேண்டும்: நேற்று இருந்த நீர் இன்று வேறாக இருப்பதைக் கண்டு சொல்ல ஓர் ஆள். ஆற்றங்கரைத் தூண்டில்காரர்கள் இன்று அதை முறைப்படுத்தியே செய்கிறார்கள். 'ரிவர்ஃபிளை' கண்காணிப்பு என்ற திட்டத்தில், பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் முழங்கால் நீரில் நின்று, கைவலையை ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் ஊன்றிக்கொண்டு, மூன்று நிமிடம் படுகைச் சரளையைக் காலால் கிளறுகிறார். பின்னர் ஒரு நிமிடம் கற்களைப் புரட்டித் தேடுகிறார். வலையில் சேர்ந்தவற்றை வெள்ளைத் தட்டில் கொட்டி, மேஃபிளை, கேடிஸ், ஸ்டோன்ஃபிளை ஆகியவற்றின் இளம்புழுக்களையும் நன்னீர் இறால்பூச்சிகளையும் எட்டு வகைகளாகப் பிரித்து எண்ணுகிறார். எண்ணிக்கை அந்த இடத்துக்கென வகுத்த அளவுக்குக் கீழே இறங்கினால் செய்தி சுற்றுச்சூழல் முகமைக்குப் போகிறது. அந்த முகமையின் சொந்தக் கணக்குப்படி, 2020-இல் வெளியான மதிப்பீட்டில், நல்ல சூழலியல் நிலையில் இருந்த ஆங்கில ஆறுகள் 14 விழுக்காடு மட்டுமே. வை ஆற்றில் கோழிப் பண்ணைகளின் எருவிலிருந்து இறங்கும் பாஸ்பேட் பாசியாய்த் திரண்டதையும், நீர் நிறுவனங்களின் சாக்கடைக் குழாய்கள் மழைக்காலத்தில் திறந்துகொள்வதையும் ஊரறியச் செய்தவர்களில் தூண்டில்காரர் கணிசமானோர். பாடகராகப் பெயர் பெற்ற ஃபியர்கல் ஷார்க்கி இந்தப் போராட்டத்தில் முன்னின்றது, லீ ஆற்றில் 1831-இல் தோன்றிய ஆம்வெல் மாக்னா மீன்பிடிச் சங்கத்தின் பொறுப்பில் இருந்துகொண்டே.

வணிகக் குளத்து வாடிக்கையாளருக்கு இத்தகைய கவலை தேவையில்லை. நீர் கெட்டால் அது உரிமையாளரின் நட்டம். வாடிக்கையாளர் அடுத்த வாரம் வேறு குளத்துக்குப் போவார். அவரை இதற்காகக் குறைசொல்வது, கட்டணம் செலுத்தியவரிடம் கட்டடத்தையும் பராமரிக்கச் சொல்வது போலாகும். ஆனால் ஒவ்வொரு வாரமும் குளத்துக்குச் செல்பவர் ஒருவர் கூடும்போது ஆற்றுச் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தில் ஒரு வரி குறைகிறது, அதுவும் பெரும்பாலும் இளையவர்களின் வரி. பல ஊர்ச் சங்கங்கள் இந்த நிலையைச் சமாளிக்கத் தாங்களே ஒரு குளம் வெட்டி, அதன் நாட்கட்டணத்தில் ஆற்றுக் குத்தகையைக் கட்டுகின்றன. ஒன்றை ஒன்று விழுங்குவதாகச் சொல்லப்படும் இரண்டும் ஒரே கணக்கேட்டில் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்த ஏற்பாடு, தூய்மை பேசுவோரின் கட்டுரைகளில் இடம்பெறாவிட்டாலும், இன்றைய நிலையில் மிகவும் அறிவார்ந்தது.

அந்த ஏற்பாடும் கைகூடாத இடங்களில் சங்கம் குத்தகையைப் புதுப்பிக்காமல் விடுகிறது. உரிமை கரைநிலத்தாருக்கே திரும்புகிறது. வழக்குத் தொடுக்கும் தகுதியும் அவரிடமே சேர்கிறது. அவர் ஆற்றை நேசிப்பவராக இருக்கலாம். மேட்டு வயலில் கோழிக்கொட்டகை வைத்து, அதன் எருவை ஆற்றை நோக்கிச் சரியும் அதே நிலத்தில் இறைப்பவராகவும் இருக்கலாம். அப்போது அந்த ஆற்றுக்காக நீதிமன்றம் செல்லக்கூடிய ஒரே ஆள், வழக்கில் எதிர்வாதியாக நிற்க வேண்டியவராகவும் ஆகிவிடுகிறார்.